ரோபோ முட்டி ஆபரேஷன்: 'பேலன்ஸிங்' என்று பில் போட்டால் அதன் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள்

புதுச்சேரியில் ரோபோ மூலம் முட்டி மாற்று அறுவை சிகிச்சை செய்துகொள்ள இருப்பவர்களுக்காக இந்தப் பதிவு. கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கத்திலிருந்து நிறையப் பேர் அங்கேதான் போகிறோம். புகார் கொடுக்க இருப்பதால் மருத்துவமனையின் பெயரை இங்கே போடவில்லை.

அம்மாவுக்கு இடது முட்டி. எஸ்டிமேட்டில் ரோபோ கட்டணம் ஒரு வரி. அதற்குக் கீழே 'ரோபோடிக் சாஃப்ட் டிஷ்யூ பேலன்ஸிங்' என்று இன்னொரு வரி, அதற்கும் தனித் தொகை. விசாரித்தபோது அங்கிருந்த கோஆர்டினேட்டர், "எலும்பை வெட்டுறது மட்டும் இல்ல சார், ஜவ்வு எவ்வளவு இறுக்கமா இருக்குன்னு ரோபோவே அளந்து சரி பண்ணிடும்" என்றார். முட்டிக்குள் வைக்கும் இம்பிளான்ட்டுக்கு 2017 ஆகஸ்ட்டில் மத்திய அரசு விலை உச்சவரம்பு கொண்டுவந்தது. ரோபோ கட்டணம் அந்த வரம்புக்குள் வராது. இஷ்டத்துக்குத் தொகை போட வசதியான இடம் அதுதான் என்பது என் எண்ணம்.

ஆபரேஷன் முடிந்தது. வளைந்திருந்த கால் நேரானது, எக்ஸ்ரேவும் அழகாக இருந்தது. ஆனால் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாலோ பஸ் படி இறங்கினாலோ "முட்டி உள்ள நழுவுதுடா" என்பார். போய்க் காட்டினால் ஒவ்வொரு முறையும் அதே பதில்தான்: எக்ஸ்ரே சரியாக இருக்கிறது, பிசியோதெரபி செய்யுங்கள், போகப் போகச் சரியாகும்.

கடைசியில் வேறொரு எலும்பு மருத்துவரிடம் போனோம். அவர் அம்மாவைக் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்காரவைத்து, முட்டி மடங்கிய நிலையில் கணுக்காலைப் பிடித்து இரண்டு பக்கமும் மெல்ல அசைத்துக் காட்டினார். வெளிப்பக்கம் திறந்துகொள்வது எங்கள் கண்ணுக்கே தெரிந்தது. காலை நீட்டி நிற்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் இந்தத் தளர்வு தெரியாதாம். நீட்டும்போது சரியாக இருந்து மடக்கும்போது மட்டும் லொடலொடப்பது இந்த ஆபரேஷனில் தெரிந்த சிக்கல்தான் என்றார்.

அவர் விளக்கிய பிறகுதான் கோஆர்டினேட்டர் சொன்னதில் எவ்வளவு கதை என்று புரிந்தது. ரோபோவுக்கு ஜவ்வு கண்ணுக்குத் தெரியாது. தொடை எலும்பிலும் கால் எலும்பிலும் 'பின்' எனும் உலோகக் கம்பிகளை அடித்து, அதில் மாட்டிய குறிகளை ஒரு கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். காலை நீட்டி ஒரு முறை, 90 டிகிரி மடக்கி ஒரு முறை, டாக்டர் தன் கையால் உள்பக்கமும் வெளிப்பக்கமும் அழுத்தம் கொடுப்பார். அப்போது எலும்புகளுக்கு நடுவே எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி விழுகிறது என்பது திரையில் வரும். கை மெதுவாக அழுத்தினால் ஓர் எண், பலமாக அழுத்தினால் வேறு எண். இதற்காகவே சிலர் கைக்குப் பதில் டென்சனர் என்ற கருவியை வைத்து இழுக்கிறார்கள், சிலர் சென்சார் வைத்த தகட்டைப் பயன்படுத்துகிறார்கள். எலும்பு ஓரத்தில் வளர்ந்திருக்கும் முள் போன்ற துருத்தல்களை எடுப்பதற்கு முன் அளந்தால் அந்த எண்ணையும் நம்ப முடியாது, ஏனென்றால் அவை ஜவ்வைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். இவ்வளவும் முடிந்து, மாதிரி இம்பிளான்ட்டைப் பொருத்திய பிறகு மறுபடி அளக்க வேண்டும். இம்பிளான்ட்டின் மேல், கீழ் உலோகப் பாகங்களுக்கு நடுவே எவ்வளவு தடிமனான பிளாஸ்டிக் வைப்பது, எந்தப் பக்க ஜவ்வைக் கொஞ்சம் தளர்த்துவது என்ற முடிவு அந்தக் கடைசி அளவைப் பார்த்துத்தான் உறுதியாகும்.

அந்தக் கடைசி அளவைக் காட்டுங்கள் என்று மருத்துவமனையில் கேட்டோம். முதலில் டிஸ்சார்ஜ் சம்மரியையே இன்னொரு காப்பி போட்டுக் கொடுத்தார்கள். எழுத்துமூலம் கேட்ட பிறகு ரோபோ ரிப்போர்ட் வந்தது. வெட்டுவதற்கு முன் எடுத்த அளவுகள் இருக்கின்றன, திட்டம் இருக்கிறது. இம்பிளான்ட் வைத்த பிறகான பக்கத்தில் எல்லாக் கட்டமும் காலி. கேட்டால் "மெஷின்ல சேவ் ஆகல" என்றார் ஒருவர். இன்னொருவர், "டாக்டர் கையாலயே பார்த்துட்டாரு" என்றார்.

கையால் பார்ப்பது தப்பே இல்லை. ரோபோ வருவதற்கு முன்பு எத்தனையோ வருடமாக நல்ல சர்ஜன்கள் கையால் பார்த்துத்தான் முட்டி வைத்தார்கள், இன்றும் வைக்கிறார்கள். கையால் பார்த்துவிட்டு ரோபோ அளந்ததாக ஏன் பில் போட்டீர்கள் என்பதுதான் எங்கள் கேள்வி. இதுவரை பதில் இல்லை.

நீங்கள் போவதாக இருந்தால், இம்பிளான்ட் வைத்த பிறகு நீட்டியும் மடக்கியும் எடுத்த அளவுகளின் பிரின்ட் வேண்டும் என்று அட்வான்ஸ் கட்டும் முன்பே எழுதி வாங்குங்கள். "அதெல்லாம் நோயாளிக்குக் கொடுக்கிறதில்ல" என்றால் அந்த இடம் வேண்டாம். ரோபோ பாதியில் மக்கர் செய்து சாதாரண முறையில் முடித்தால் எந்தத் தொகை திரும்ப வரும் என்பதையும் கேளுங்கள். அப்புறம், எந்த இம்பிளான்ட் வைத்தார்கள் என்று காட்டும் ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம் உங்களிடம் இருக்கிறதா என்று டிஸ்சார்ஜ் அன்றே பாருங்கள்.

ஏற்கெனவே செய்துகொண்டு தளர்வோடு இருப்பவர்கள் சிகிச்சை ஆவணங்களை எழுத்துமூலம் கேளுங்கள். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002 ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. ஆபரேஷன் புதுச்சேரியில் நடந்திருந்தாலும், 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொதுவாக இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நாங்கள் கடலூரில்தான் போடப்போகிறோம்.

அம்மா இப்போது பிரேஸ் போட்டுக்கொண்டு தொடைத் தசைக்குப் பயிற்சி செய்கிறார். அதில் சரியாகாவிட்டால் பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றினால் போதுமா, முழு மூட்டையும் மாற்ற வேண்டுமா என்று பிறகு சொல்வதாக அந்த மருத்துவர் சொல்லியிருக்கிறார். இதே பேலன்ஸிங் வரி உங்கள் பில்லிலும் இருந்தால், அந்தக் கடைசிப் பக்கத்தில் எண்கள் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லுங்கள்.