ஜீவனாம்சத்துக்கு இலவச வக்கீல்: எதுவரை கைகொடுக்கும்?

வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லை என்று ஜீவனாம்சம் கேட்காமலே இருக்க வேண்டியதில்லை. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987, பிரிவு 12-இன்படி இலவச வக்கீல் பெறப் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. வருமானச் சான்றிதழ் கேட்டுத் திருப்பி அனுப்பினால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ தாலுகாவின் வட்டக் குழுவிலோ மனு கொடுக்கலாம். 15100 என்ற உதவி எண்ணில் விசாரிக்கலாம். கோர்ட் கட்டணம், டைப்பிங், நகல் செலவு எல்லாம் இதில் அடக்கம். வக்கீல் தனியாகப் பணம் கேட்டால் அது தவறு; ஆணைக்குழுவில் எழுதிக் கொடுத்து ஆளை மாற்றலாம்.

வக்கீல் கிடைப்பதற்கு 5-க்கு 4 மதிப்பெண் தரலாம். அதன்பிறகு கேஸ் நகர்வதற்கு 2 தாண்டாது. பேனல் வக்கீலுக்கு (ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ள வக்கீல்) கிடைக்கும் தொகை சொற்பம், கையில் கேஸ் கட்டோ நிறைய. அதனால் கீழே உள்ளதை நீங்களே கவனிக்க வேண்டும்.

முதலில் கணவரின் முகவரி. ஜீவனாம்சத்துக்கு 2024 ஜூலை முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவு 125-க்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 144. இடைக்கால ஜீவனாம்ச மனுவை இயன்றவரை 60 நாளில் முடிக்கச் சொல்கிறது. ஆனால் அந்த 60 நாள் கணவருக்கு நோட்டீஸ் சேர்ந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். ‘ஆள் இல்லை’ என்று கவர் திரும்பினால் வாய்தாதான். வீட்டு முகவரியோடு வேலை செய்யும் இடத்தையும் கொடுங்கள். நீங்கள் இப்போது வசிக்கும் ஊரிலேயே மனு போடலாம்.

அடுத்து சொத்து, கடன் பிரமாணப் பத்திரம். 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இரு தரப்புக்கும் கட்டாயமாக்கியது. ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கு என்றதும் அதே தீர்ப்பு. கணவர் சம்பளம் தெரியாவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். கம்பெனி பெயர், வண்டி நம்பர், கட்டும் தவணை, வாடகை வரும் வீடு என்று தெரிந்ததை எழுதுங்கள். உங்கள் வருமானத்தை மறைப்பது குறுக்கு விசாரணையில் வம்பு.

வாய்தா தேதிக்கு வக்கீலின் போனையே நம்பாமல், உங்கள் கேஸுக்கான 16 இலக்க அடையாள எண்ணை (சிஎன்ஆர்) வாங்கி இ-கோர்ட்ஸ் செயலியில் பாருங்கள்.

உத்தரவு வந்தும் பணம் வராவிட்டால் வாரண்ட் கேட்டு மனு போடலாம். ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் அதைத் தந்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு மாதப் பாக்கிக்கு ஒரு மாதம் வரை சிறை. உள்ளே போய் வந்தாலும் பாக்கி தீராது.