கல் உப்பா, இந்துப்பா, பொட்டாசியம் கலந்த உப்பா?

ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் பல வீடுகளில் முதலில் மாறுவது உப்பு ஜாடிதான். தூள் உப்பு போய்க் கல் உப்பு வரும், இல்லையென்றால் இந்துப்பு வரும். நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் இதனால் இதயத்துக்குப் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை.

கல் உப்பு, தூள் உப்பு இரண்டுமே சோடியம் குளோரைடு. ஒரே எடையில் எடுத்தால் இரண்டிலும் ஏறத்தாழ 40 சதவீதம் சோடியம். இந்துப்பும் பெரும்பாலும் அதேதான். அதில் இருக்கும் மற்ற தாதுக்கள் மிகச் சொற்பம். அயோடின் சேர்க்காத இந்துப்பையே தினமும் பயன்படுத்தினால் தைராய்டுக்கு வேண்டிய அயோடின் குறையும். கர்ப்பிணியோ குழந்தையோ உள்ள வீட்டில் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆகவே உண்மையான போட்டி வேறு இரண்டுக்கு நடுவில். உப்பையே குறைப்பதா, அல்லது சோடியம் குளோரைடில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்புக்கு மாறுவதா?

குறைப்பதற்கு ஆதாரம் பலமானது. 2001-ல் வெளியான அமெரிக்காவின் டாஷ்-சோடியம் ஆய்வில் 412 பேர் கலந்துகொண்டார்கள். உப்பு குறையக் குறைய அழுத்தமும் இறங்கியது. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில், அதிக உப்போடு வழக்கமான அமெரிக்கச் சாப்பாடு சாப்பிட்டவர்களைவிட, காய், பழம், கொழுப்பு குறைந்த பால் நிறைந்த உணவைக் குறைந்த உப்போடு சாப்பிட்டவர்களுக்கு ரத்த அழுத்தத்தின் மேல் அளவு (120/80 என்றால் அந்த 120) 11.5 புள்ளி குறைவாக இருந்தது. ஒரு மாத்திரை செய்யக்கூடிய வேலை இது. ஆனால் அங்கே ஆய்வுக்குழுவே அளந்து சமைத்துக் கொடுத்தது. நம் வீட்டில் சாம்பார், ரசம், பொரியல் என்று ஒவ்வொன்றிலும் உப்பு விழுகிறது. அப்புறம் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஏறக்குறைய ஒரு டீஸ்பூனுக்குள், இத்தனையையும் அடக்க வேண்டும். முதல் வாரம் அடக்குவார்கள். வருடக்கணக்கில் தொடர்வதுதான் கஷ்டம்.

இந்த இடத்தில்தான் பொட்டாசியம் உப்பு முந்துகிறது. சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 வயதைத் தாண்டிய உயர் ரத்த அழுத்தக்காரர்கள்தான் அவர்கள். பாதிக் கிராமங்களில் வழக்கமான உப்பே தொடர்ந்தது. மீதிக் கிராமங்களுக்கு 75 சதவீதம் சோடியம் குளோரைடும் 25 சதவீதம் பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பைக் கொடுத்தார்கள். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் பக்கவாதம் 14 சதவீதம் குறைவு, இறப்பு 12 சதவீதம் குறைவு. 2021-ல் வெளியான இந்த முடிவு என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமானது. காரணம், அந்தக் கிராமத்து அடுப்படி நம்முடையதைப் போன்றது. மேலை நாடுகளில் உப்பின் பெரும்பகுதி பாக்கெட் உணவிலேயே வந்துவிடுகிறது. சமைப்பவர் கையால் போடும் இடத்தில்தான் ஜாடியை மாற்றினால் பலன் தெரியும்.

ஆனால் இந்த உப்பை எல்லோருக்கும் சொல்லிவிட முடியாது. சிறுநீரகம் பழுதானால் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கும். அளவு மீறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். டெல்மிசார்டான், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற பிரஷர், இதய மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. தீவிர சிறுநீரக நோயாளிகளைச் சீன ஆய்வில் சேர்க்கவே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இந்த வகை உப்பைப் பரிந்துரைத்தபோதும் சிறுநீரக நோயாளிகள், கர்ப்பிணிகள், குழந்தைகளை விட்டுவிட்டுத்தான் பரிந்துரைத்தது. நம் ஊரில் நீண்டநாள் சர்க்கரை நோயோடு, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்றே பார்க்காதவர்கள் நிறைய.

என் தீர்ப்பு இது. பிரஷர் இருக்கிறது, ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பொட்டாசியமும் சரியாக இருக்கின்றன, டாக்டரும் சம்மதிக்கிறார் என்றால் பொட்டாசியம் உப்புக்கு மாறுங்கள். லேபிளில் அயோடின் இருக்கிறதா, பொட்டாசியம் எத்தனை சதவீதம் என்று பார்த்து வாங்குங்கள். மாறிவிட்டோமே என்று கூடுதலாக அள்ளிப் போடாதீர்கள். வீட்டில் ஒருவருக்காவது சிறுநீரகக் கோளாறு இருந்தால், எல்லோருக்கும் ஒரே குழம்பு என்பதால், சாதாரண அயோடின் உப்பையே குறைத்துப் போடுவதுதான் பாதுகாப்பு. அந்த வீட்டில் முதலில் சோற்றில் போடும் உப்பை நிறுத்தலாம், அடுத்து தினசரி ஊறுகாயை.