சோர்ந்த தோட்டாவும் சிக்கும் துப்பாக்கியும்: .22 பிஸ்டலுடன் சில ஆண்டுகள்

ஸ்டாண்டர்டு பிஸ்டல் என்ற துப்பாக்கி சுடும் போட்டியில் ஐந்து குண்டுகளை முதலில் 150 விநாடிகளுக்குள் சுட வேண்டும். அடுத்த கட்டத்தில் 20 விநாடி. கடைசிக் கட்டத்தில் வெறும் 10. முதல் கட்டத்தில் துப்பாக்கி சிக்கினால் ஒரு பெருமூச்சோடு சமாளிக்கலாம். 10 விநாடியில் சிக்கினால், துப்பாக்கியை இலக்குப் பக்கமே பிடித்தபடி மறு கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட வேண்டியதுதான். அதனால், புதிதாக .22 பிஸ்டல் (சுமார் 0.22 அங்குல விட்டமுள்ள குண்டைச் சுடும் கைத்துப்பாக்கி) வாங்கப்போகிறவர்கள் அனுபவம் கேட்டால், குறி எவ்வளவு துல்லியம் என்று சொல்வதற்கு முன் எந்தத் தோட்டாவோடு அது முரண்டு பிடிக்கிறது என்பதைச் சொல்வேன்.

என்னிடம் இருப்பது ஐரோப்பியத் தயாரிப்பு. தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும், .22 லாங் ரைபிள் என்ற வகைத் தோட்டாவைச் சுடும் போட்டித் துப்பாக்கி. ட்ரிகர் அருமை. மரப்பிடி என் கைக்கென்றே செதுக்கியது போல உட்கார்ந்திருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் உடைந்த பாகம் ஒன்றுமில்லை. இதற்கு மேல் புகழ இடமில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் தோட்டாவைப் பற்றித்தான்.

சென்னையில் தோட்டா வாங்குவது, கடைக்குப் போய்ப் பிடித்த பெட்டியை எடுத்து வருவதைப் போன்றதல்ல. உரிமத்தில் அளவு உண்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் பதிவு உண்டு, இறக்குமதிச் சரக்கு வரும்போதுதான் வரும். வந்ததை வாங்கிப் பீரோவில் அடுக்குவோம், தீரும்வரை அதுதான். அப்படி ஒருமுறை கைக்கு வந்த ஒரு கட்டு, பெட்டிகளின் ஓரம் பழுத்திருந்த பழைய சரக்கு. அதை ஏற்றிய நாளிலிருந்து நல்ல துப்பாக்கி நோயாளி ஆகிவிட்டது.

இந்த வகைத் துப்பாக்கியில் போல்டை, அதாவது தோட்டாவுக்குப் பின்னால் முன்னும் பின்னும் நகரும் உலோகக் கட்டையை, பூட்டி வைக்கும் கொக்கி எதுவும் இல்லை. போல்டின் எடையும் அதன் பின்னாலிருக்கும் ஸ்பிரிங்கும்தான் சேம்பரை (சுடும்போது தோட்டா இருக்கும் அறையை) மூடி வைத்திருக்கின்றன. வெடிமருந்து எரியும்போது குண்டு முன்னே பாய, அதே அழுத்தம் பித்தளைக் கூட்டைப் பின்னே தள்ளுகிறது. கூடு போல்டைத் தள்ளுகிறது. போல்ட் கடைசிவரை போனால்தான் காலிக் கூடு வெளியே விழும், சுத்தியல் மடங்கும், தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினில் இருக்கும் அடுத்த தோட்டா முன்னே வரும். தள்ளு போதவில்லையென்றால், பலமில்லாத கை தள்ளிய ஊஞ்சலைப் போல, போல்ட் பாதியிலேயே திரும்பிவிடும். இதைத்தான் ஷார்ட் ஸ்ட்ரோக் என்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரிகிறது. வழக்கமான 40 கிரெயின் குண்டின் எடை சுமார் 2.6 கிராம். சிசிஐ நிறுவனத்தின் ஸ்டாண்டர்டு வெலாசிட்டி (வழக்கமான வேக) தோட்டாவின் அறிவிக்கப்பட்ட வேகம் நொடிக்கு 1070 அடி, அதாவது சுமார் 326 மீட்டர். அதே எடைக் குண்டை 710 அடி வேகத்தில் மெதுவாக அனுப்பும் சத்தம் குறைந்த தோட்டாக்களும் சந்தையில் உண்டு. வேகம் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்தால் உந்தமும் அதே அளவுக்குக் குறைகிறது. ஆற்றலோ பாதிக்கும் கீழே போய்விடுகிறது. ஒவ்வொரு முறையும் கையால் போல்ட் இழுக்கும் ரைபிளில் இது ஒரு குறையே இல்லை. தானியங்கி ஏற்றத்தை நம்பும் துப்பாக்கியில்தான் தகராறு.

எங்கள் கிளப்பில் காவல்துறையில் ஆர்மரராக (துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவராக) இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் உண்டு. ஸ்பிரிங்கை மாற்றிவிடலாமா என்று அவரிடம் கேட்டேன். "ஸ்பிரிங்கை அப்புறம் பார்க்கலாம் தம்பி, முதலில் தரையைப் பாருங்கள்" என்றார். தரையில் என்ன ஐயா இருக்கிறது என்றால், குனிந்து ஒரு கூட்டைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். பித்தளையின் பக்கவாட்டில் வாய்ப்பகுதியிலிருந்து பாதிவரை கரி படிந்திருந்தது. அழுத்தம் போதுமானதாக இருந்தால் கூடு விரிந்து சேம்பர் சுவரோடு ஒட்டிப் புகையைப் பின்னால் விடாது. அழுத்தம் குறைந்தால் புகை இடுக்கு வழியாகப் பின்னோக்கி வரும். .22 கூட்டில் கொஞ்சம் கரி இருப்பது வழக்கம்தான் என்றாலும், முன்பு சுட்ட நல்ல பெட்டியின் கூட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வித்தியாசம் கண்ணை உறுத்தியது. தவிர, நல்ல கூடுகள் இரண்டு எட்டுத் தள்ளி விழுந்து கிடந்தன; இவை என் கால் செருப்பருகே குவிந்திருந்தன.

அன்றிலிருந்து நான் செய்யும் சோதனை எளிமையானது. மேகசினில் ஒரே ஒரு தோட்டாவை மட்டும் போட்டுச் சுடுகிறேன். என் துப்பாக்கியில் கடைசித் தோட்டா போனதும் போல்ட் பின்னால் நின்றுவிட வேண்டும். நிற்காமல் மூடிக்கொண்டால் அது முழுதாகப் பின்னே போகவில்லை என்று சந்தேகிக்கலாம். அதே மேகசினில் வேறு பெட்டித் தோட்டாவைப் போடும்போது ஒழுங்காக நின்றால், துப்பாக்கி நிரபராதி. எல்லாத் தோட்டாவோடும் சிக்கினால்தான் சுத்தம் செய்வது, எக்ஸ்டிராக்டர் (காலிக் கூட்டை இழுத்தெடுக்கும் கொக்கி), ஸ்பிரிங் என்று அடுத்ததற்குப் போக வேண்டும். ஒரு மேகசினில் மட்டும் சிக்கினால் அதன் வாய் விளிம்பைப் பாருங்கள். என் மேகசின்கள் ஒவ்வொன்றின் அடியிலும் மார்க்கரால் எழுத்து எழுதி வைத்திருக்கிறேன். எது தகராறு செய்கிறது என்று அடையாளம் தெரிய வேண்டாமா?

சிக்கும் விதத்துக்கும் அர்த்தம் உண்டு. காலிக் கூடு வெளியேறும் வாயில் செங்குத்தாக மாட்டி நின்றால் பெரும்பாலும் தள்ளு போதவில்லை. கூடு போய்விட்டது, சேம்பரும் காலி, மேகசினில் தோட்டா அப்படியே இருக்கிறது என்றாலும் அதே கதைதான். ஆனால் மேகசின் முழுதாக உட்காராவிட்டாலும் இப்படி நடக்கும். கூடு சேம்பரிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் நான் முதலில் அழுக்கைத்தான் சந்தேகிப்பேன். .22 குண்டின் மேல் பூசியிருக்கும் மெழுகும் கரியும் சேர்ந்து சேம்பரில் பிசினாகிவிடும். வலுவான தோட்டா அதைப் பொருட்படுத்தாது, சோர்ந்த தோட்டா அங்கேயே தோற்கும். பித்தளை பிரஷ்ஷால் சேம்பரைத் தேய்த்த பிறகு அந்தப் பழைய பெட்டியே ஓரளவு ஒழுங்காக ஓடியது. மணிக்கட்டு தளர்ந்தாலும் துப்பாக்கி முழுவதும் போல்டோடு சேர்ந்து பின்னே போய், உந்தத்தில் ஒரு பகுதி வீணாகிவிடும். கை களைத்திருக்கும் பயிற்சியின் கடைசியில் சிக்கல் கூடினால் தோட்டாவைத் திட்டாதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். சத்தம் வழக்கம்போல் இல்லாமல் "பொத்" என்று வந்து, இலக்கில் துளையும் விழவில்லையென்றால் குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் பேரல் வீங்கும், வெடிக்கவும் கூடும். உடனே நிறுத்தி, இலக்குப் பக்கமே பிடித்து, தோட்டாவையெல்லாம் இறக்கிவிட்டு, ரேஞ்ச் அதிகாரி முன்னிலையில் பேரலுக்குள் கம்பி விட்டுப் பார்க்க வேண்டும். போட்டி அவசரத்தில் போல்டை இழுத்து அடுத்ததை அனுப்பும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. எனக்கு அதைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும்.

ஸ்பிரிங் விஷயத்தில் என் கருத்து பலருக்குப் பிடிப்பதில்லை. மெலிந்த ஸ்பிரிங் போட்டால் சோர்ந்த தோட்டாவும் ஓடும், உண்மை. நாளை நல்ல பெட்டி வந்ததும் போல்ட் பின்சுவரில் ஓங்கி மோதும். பல்லாயிரம் முறை மோதினால் யார் தாங்குவார்கள்? சுருளை வெட்டிக் குறைப்பது அதைவிட மோசம். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: சிக்கலுக்கு மருந்தாக ஹை வெலாசிட்டி (அதிவேக) தோட்டாவைப் போடுவது. ஸ்டாண்டர்டு வேகத்துக்கென்று வடிவமைத்த போட்டித் துப்பாக்கிக்கு அது தண்டனை.

வரலாற்றில் இதற்கொரு வேடிக்கையான உதாரணம் உண்டு. ரேப்பிட் ஃபயர் பிஸ்டல் என்ற வேகப் போட்டியில் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் வரை .22 ஷார்ட் என்ற சின்னத் தோட்டாவைத்தான் சுட்டார்கள். அது ஐந்து குண்டை 8, 6, கடைசியில் 4 விநாடியில் சுடும் போட்டி, துப்பாக்கியின் திமிறல் குறைவாக இருப்பதே வசதி. அந்தத் துப்பாக்கிகள் அத்தோட்டாவின் மெல்லிய உதைக்கென்றே செய்யப்பட்டவை, ஒழுங்காக ஓடின. 2005இல் விதி மாறி .22 லாங் ரைபிள் கட்டாயமானது. இந்திய வீரர் விஜய் குமார் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இதே போட்டியில் வெள்ளி வென்றது இந்தப் புதிய விதியின் கீழ்தான். ஆக, வலு குறைவு தனியாக ஒரு குற்றமில்லை. துப்பாக்கியும் தோட்டாவும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

சென்னை வெயில் தோட்டாவைச் சோர்வாக்குகிறதா என்று கேட்கிறார்கள். சுடும் நேரத்தில் இல்லை. வெப்பத்தில் மருந்து பொதுவாகக் கொஞ்சம் வேகமாகவே எரியும், குளிர் நாட்டுக்காரர்களுக்குத்தான் அந்தக் கவலை. கெடுப்பது, ஆண்டுக்கணக்கில் புழுக்கத்திலும் ஈரத்திலும் கிடப்பது. கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு என்பதால் நான் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வைக்கிறேன், ஐப்பசிக்கு முன் பையை மாற்றுகிறேன். எண்ணெய்க் கையோடு தோட்டாவைத் தொடுவதில்லை.

அந்தப் பழைய கட்டில் மிச்சமிருப்பவற்றை ஒவ்வொன்றாக மேகசினில் ஏற்றி, 150 விநாடிப் பயிற்சிக்குப் பயன்படுத்துகிறேன். ஒவ்வொன்றுக்கும் இலக்கில் துளையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. போட்டிக்கு வேறு பெட்டி. அடுத்த சரக்கு வந்தால் முதலில் ஒரே ஒரு பெட்டி வாங்கிச் சோதித்துவிட்டுத்தான் மீதியைப் பதிவு செய்வதாக இருக்கிறேன்.