பிரான்சைஸை விடணும்: 19ஆம் பிரிவா, 39ஆம் பிரிவா?

இந்தியாவில் பிரான்சைஸுக்கென்று, அதாவது ஒரு கம்பெனியின் பெயரில் கடை நடத்தும் ஏற்பாட்டுக்கென்று, தனிச் சட்டமே கிடையாது, கடை எடுத்தவர் 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தால் ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம் என்கிறது 19ஆம் பிரிவு. 39 வேறு. ஒப்பந்தம் சரிதான், ஆனால் கம்பெனி தன் பங்கைச் செய்யவே மறுக்கிறது, அதனால் முடித்துக்கொள்கிறேன் என்பது.

கேட்பதற்கு 19 நன்றாக இருக்கும். ஆனால் கையெழுத்துக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்களே, "மாதம் இவ்வளவு விற்கும்" என்று ஒரு பக்கக் கணக்கு, அது வெறும் எதிர்பார்ப்பு என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். ஏற்கெனவே ஓடுகிற கடைகளின் விற்பனையையே மாற்றிச் சொன்னார்கள் என்று காட்டினால்தான் பலம். நீங்கள் விசாரித்திருந்தால் தெரிந்திருக்குமே என்ற வாதமும் வரும். ரத்தானால் நீங்கள் பெற்றதையும் திருப்பித் தரணும்.

39க்கு ஆதாரம் கைக்குள்ளேயே இருக்கும்: கம்பெனி அனுப்ப வேண்டிய மசாலாவைக் கேட்டுப் போட்ட மெயில்கள், பதில் வராத தேதிகள். அதற்காக இரண்டு வாரத் தாமதமெல்லாம் போதாது, மொத்தமாகக் கைவிட்டிருக்க வேண்டும். அப்புறம், தெரிந்தும் மாதாமாதம் ராயல்டி (கம்பெனி பெயரைப் பயன்படுத்தத் தரும் பணம்) கட்டிக்கொண்டே இருந்தால் நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகலாம்; பாவம், பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

கையில் மெயில்கள் இருந்தால் நான் 39ஐத்தான் சொல்வேன். முறையாக முடித்தால் இரண்டிலும் நஷ்டஈடு கேட்கலாம்.