பிரெடிக்டிட்: பத்துப் பேர் நிற்கும் பிரைமரிக்கு இந்தக் கடை சரிப்படுமா?

அமெரிக்கத் தேர்தல்களுக்குப் பந்தய விலை பார்க்க பிரெடிக்டிட் தளத்துக்குப் போகிறவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் மோதும் போட்டிக்கு இது ஓரளவு உருப்படியான கடை. எட்டுப் பேர், பத்துப் பேர் முண்டியடிக்கும் காங்கிரஸ் பிரைமரி (அமெரிக்க நாடாளுமன்றத் தொகுதிக்குக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) என்றால் மேலே இருக்கும் இரண்டு மூன்று பெயர்களை மட்டும் பாருங்கள், அதற்குக் கீழே உள்ள விலைகளைக் கண்டுகொள்ளாதீர்கள்.

நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகம் 2014-இல் ஆய்வுக்காக என்று ஆரம்பித்தது இது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு வகைப் பங்கு, விலை 1 சென்ட்டிலிருந்து 99 சென்ட் வரை, பலித்த பக்கத்துக்கு ஒரு டாலர். 30 சென்ட் என்றால் 30 சதவீத வாய்ப்பு, அவ்வளவுதான். இந்த எளிமைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

கூட்டிப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். ஜெயிக்கப்போவது ஒரே ஒருவர் என்பதால் எல்லோருடைய ‘ஆம்’ விலையும் சேர்ந்து 100 சென்ட்டை ஒட்டி வரவேண்டும், ஆனால் ஆட்கள் கூடக் கூட அது 100-ஐத் தாண்டி நிற்பது இங்கே சர்வசாதாரணம். யாராவது புத்திசாலி வந்து இதைச் சரிசெய்ய மாட்டாரா என்றால், அங்கேதான் கட்டணம் குறுக்கே நிற்கிறது. லாபத்தில் 10 சதவீதம், பணத்தை வெளியே எடுக்கும்போது 5 சதவீதம் என்பதுதான் ஆண்டுக்கணக்காக இங்கே இருந்த கணக்கு. ஜெயிக்கவே மாட்டார் என்று ஊருக்கே தெரிந்த ஒருவர் மேல் 95 சென்ட் கொடுத்து ‘இல்லை’ வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். அவர் தோற்றதும் ஒரு டாலர் வரும், 5 சென்ட் லாபத்தில் அரை சென்ட் போய்விடும், மிச்சம் 99.5 சென்ட்டை வங்கிக்கு எடுத்தால் கைக்கு வருவது ஏறக்குறைய 94.5. சரியாகக் கணித்தும் கைநஷ்டம்! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். பல பேர் மேல் சேர்த்து ‘இல்லை’ வாங்கினால் முடங்கும் பணம் குறையும், ஆனாலும் கூலி கூலிதான். அதனால் கடைசி வரிசை வேட்பாளர்கள் 4, 5 சென்ட்டில் உட்கார்ந்தே இருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டு “இருபதில் ஒரு வாய்ப்பு இருக்கிறதாம்” என்று நம்புகிறவர்களை என்ன சொல்ல.

நியூயார்க் 10-ஆவது தொகுதியின் 2022 ஜனநாயகக் கட்சி பிரைமரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறங்கினார்கள், முன்னாள் மேயர் பில் டி பிளாசியோ பாதியிலேயே விலகினார், கடைசியில் டான் கோல்ட்மேன் ஜெயித்தது சுமார் 26 சதவீத வாக்கில். யூ-லின் நியூ இரண்டே சதவீதம் சொச்சம் பின்னால், மாண்டேர் ஜோன்ஸ் சுமார் 18. நான்கில் ஒரு பங்கு வாக்கு வாங்கினால் ஜெயித்துவிடலாம் என்கிற இடத்தில் ஒரு பத்திரிகையின் ஆதரவுத் தலையங்கம்கூட எல்லாவற்றையும் புரட்டிவிடும் (நியூயார்க் டைம்ஸ் அப்போது கோல்ட்மேனைத்தான் ஆதரித்தது). இந்த மாதிரித் தொகுதிகளில் கருத்துக்கணிப்பும் அபூர்வம், வந்தாலும் பாதி ஏதோ ஒரு வேட்பாளர் காசு கொடுத்து எடுக்கவைத்ததாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் விலையும் குதிக்கிறது.

திரையில் பெரிதாகத் தெரியும் எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது கடைசியாகக் கைமாறிய விலை, யாரோ ஒரே ஒரு பங்கு வாங்கியதாகக்கூட இருக்கலாம். வாங்குபவர் கேட்பதற்கும் விற்பவர் சொல்வதற்கும் நடுவில் எத்தனை சென்ட் இடைவெளி என்று பாருங்கள், ஆறேழு சென்ட் இருந்தால் அந்தப் பெயரில் சந்தை என்று ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம்.

ஒரு வேட்பாளரின் பங்கில் ஒருவர் 850 டாலருக்கு மேல் போடக்கூடாது, 5,000 பேருக்கு மேல் சேரக்கூடாது என்ற பழைய கட்டுப்பாடும் சந்தையை ஒல்லியாகவே வைத்திருந்தது. 2025-இல் வரம்பு 3,500 டாலராக உயர்ந்தது, ஆள் கணக்கும் எடுக்கப்பட்டது. நல்லதுதான், ஆனால் மேலே சொன்ன கூலிக் கணக்கு வேறு விஷயம். கால்ஷி என்ற இன்னொரு பந்தயத் தளத்தில் கட்டணம் விலை நடுவில் இருக்கும்போது அதிகம், ஓரங்களில் குறைவு, அதனால் கடைசி வரிசை விலையைப் பார்க்க அதுவே தேவலாம்.

அப்புறம் ஒன்று, விதிமுறைப் பத்தியைப் படிக்காமல் பணம் போடாதீர்கள். டெக்சாஸில் பாதிக்கு மேல் யாரும் வாங்காவிட்டால் முதல் இருவருக்கும் மறுதேர்தல் உண்டு, நியூயார்க்கின் காங்கிரஸ் பிரைமரியில் கிடையாது. பங்கு கேட்பது அன்றைக்கு முதலிடம் யாருக்கு என்பதையா, கட்சியின் வேட்பாளர் யார் என்பதையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டெக்சாஸில் இரண்டுக்கும் விடை வேறு வேறாக வரலாம்.

ஐந்துக்கு இரண்டரை.