பொய்த்தொந்திக்கு ஃபோமா, பாலியஸ்டர் பஞ்சா?

ஒல்லியான நடிகர் ஒருவரை, உடல் பருத்த நடுவயதுக்காரராக மேடையில் நிறுத்தவேண்டிய பொறுப்பு எனக்கு வந்தபோது, ஃபோமைச் செதுக்கி ஒட்டுவதா அல்லது பாலியஸ்டர் பஞ்சை அடுக்கடுக்காகத் தைப்பதா என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. வேலை விரைவில் முடியும் என்பதால் ஃபோமை எடுத்தேன். 12 முறை மேடையேறிய அந்த நாடகத்தில் நான்காம் நாளுக்குள் அதைக் கழற்றி வைத்துவிட்டு, பஞ்சில் புதிதாக ஒன்றைத் தைக்கவேண்டியதாயிற்று. ஒரே நடிகரின் உடலில், ஒரே பாத்திரத்துக்காக இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில், நான் பஞ்சின் பக்கம் சாய்ந்தே இதை எழுதுகிறேன்.

எதில் செய்தாலும் மாறாத சில விஷயங்களை முதலில் சொல்லிவிடலாம். திணிப்பை இடுப்பில் கட்டக்கூடாது. உடலை இறுக்கிப் பிடிக்கும் லைக்ரா உள்ளுடை ஒன்றின்மேல் தைத்து, பாரம் தோளிலிருந்து தொங்கும்படி அமைக்கவேண்டும். கால்களுக்கிடையே ஒரு பட்டை கொடுத்துக் கொக்கி மாட்டினால், நடிகர் கையைத் தூக்கும்போது வயிறு மார்புக்கு ஏறாது. கழிப்பறைக்குச் செல்லும்போது முழு உடையையும் கழற்றவேண்டிய தொல்லையும் இருக்காது. வயிற்றை மட்டும் பெரிதாக்கினால், பார்ப்பவர் கண்ணுக்கு அது சட்டைக்குள் செருகிய தலையணையாகவே தெரியும். விலாப்பக்கம், முதுகின் கீழ்ப்பகுதி, மேற்கை, தொடையின் உட்புறம் ஆகிய இடங்களிலும் சிறிதளவு திணிப்பு சேர்ந்தால்தான் நடை தானாக மாறும்.

ஃபோமின் நன்மைகள் உண்மையானவை. இருக்கைகளுக்குப் பயன்படும் சாதாரண ஃபோமின் அடர்த்தி கன மீட்டருக்கு 20 முதல் 30 கிலோ வரைதான் என்பதால், 8 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு வயிறு ஏறத்தாழ 200 கிராமில் முடிந்துவிடும். கூர்மையான கத்தியும் கத்தரிக்கோலும் இருந்தால் ஒரே மாலையில் வடிவம் கிடைத்துவிடும். வேண்டியதைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டிக்கொண்டு, விளிம்புகளைக் காகிதம்போல் மெலியும்வரை சீவிக்கொண்டே போனால், மெல்லிய சட்டைக்குள்ளும் ஓரம் தெரியாது. ஒட்டும் பசையின் ஆவி தலைசுற்ற வைக்கும் என்பதால், அந்த வேலையை மட்டும் காற்றோட்டமான இடத்தில் செய்யவேண்டும்.

நின்றுகொண்டிருக்கும்வரை ஃபோம் வயிறு அழகாகவே இருந்தது. நடிகர் நாற்காலியில் உட்கார்ந்ததும்தான் குறை தெரிந்தது. உண்மையான வயிறு, உட்காரும்போது மடிந்து தொடைமேல் படியும். ஒரே கட்டியாகச் செதுக்கிய ஃபோமோ மடிய மறுத்து, மொத்தமாக மேலேறி நெஞ்சை முட்டியது. அடிவயிற்றின் உட்புறத்தில் குறுக்காக ஒரு வெட்டுக் கொடுத்தபின் நிலைமை ஓரளவு சரியானது. ஆயினும் யாராவது கட்டிப்பிடிக்கும் காட்சியில், அமுங்கிய ஃபோம் மறுநொடியே பழைய வடிவத்துக்குத் துள்ளி எழுவதை மறைக்க வழியில்லை.

பஞ்சில் செய்வது பொறுமையைக் கேட்கும் வேலை. மெத்தைவிரிப்புகளில் இடும் தகடு போன்ற பாலியஸ்டர் பஞ்சை, வரைபடத்தில் மலையின் உயரக்கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக அமைவதுபோல, அளவு குறைந்துகொண்டே போகும் துண்டுகளாக வெட்டவேண்டும். சிறிய துண்டு உடலையொட்டியும், அடுத்தடுத்த பெரிய துண்டுகள் அதன்மேலும் வரவேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய துண்டு வெளிப்புறத்தில் படியும்போது, உள்ளிருக்கும் படிக்கட்டு விளிம்புகள் அனைத்தையும் அது மூடிவிடும். முதல் முயற்சியில் நான் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்தேன். ஒவ்வோர் அடுக்கின் விளிம்பும் சட்டைக்கு மேல் வரிவரியாகத் தெரிந்தது. அடுக்குகளை இணைக்கும் தையல் தளர்வாக இருக்கவேண்டும் என்பதும் முக்கியம், ஏனெனில் நூலை இழுத்துக் கட்டினால் அந்த இடம் குழிந்து, வயிறு மெத்தைபோலத் தோன்றும். கடைசியாக, நான்கு பக்கமும் நீளும் துணியால் முழுவதையும் மூடினால், வயிறு தன் போக்கில் மடியவும் விரியவும் செய்யும். எனக்கு இதற்கு ஆறு நாட்கள் ஆயின.

பஞ்சுக்கும் எடை இல்லை என்பது உண்மையான குறை. எடையில்லாத வயிற்றைச் சுமப்பவர் முதுகைப் பின்னால் சாய்த்து நடப்பதில்லை, நடித்துக் காட்டவேண்டியிருக்கும். இதற்காக அடிவயிற்றில் ஒரு பை தைத்து, அதற்குள் பொம்மைகளில் நிரப்பும் பிளாஸ்டிக் மணிகளை ஏறத்தாழ ஒரு கிலோ அளவுக்கு இட்டேன். நடிகர் திரும்பும்போது அந்த மணிகள் சற்றுத் தாமதமாகப் பின்தொடர்ந்து வருவது, எந்தச் செதுக்கலாலும் கிடைக்காத உயிர்ப்பைத் தந்தது. அரிசி, கடுகு போன்றவற்றை இடுவோரும் உண்டு. ஆனால் வியர்வை பட்டால் அவை பூஞ்சை பிடிக்கும், பூச்சி வரும். பைக்கு ஜிப் வைத்து, துவைக்கும் முன் மணிகளைத் தனியே எடுத்துவிடும்படி அமைப்பது நல்லது.

ஆனால் மேற்சொன்ன எதுவும் என் முடிவைத் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தது வியர்வை. மேடை விளக்குகளின் கீழ், உடலின் பாதியை மூடிய திணிப்போடு இரண்டு மணி நேரம் நடிப்பவருக்கு உள்ளாடை பிழிந்தெடுக்கும் அளவுக்கு நனையும். அந்த ஈரம் முழுவதையும் ஃபோம் கடற்பஞ்சைப்போல உறிஞ்சி, நடுப்பகுதியில் தேக்கிவைத்துக்கொள்கிறது. முதல் நாள் இரவு மின்விசிறிக்கு முன் தொங்கவிட்டேன். மறுநாள் மாலை மேற்புறம் உலர்ந்திருந்தது, அழுத்திப் பார்த்தால் உள்ளே ஈரம். இரண்டாம் நாள் வாடை தொடங்கியது. மூன்றாம் நாள் நடிகரின் விலாவில் சிவந்த தடிப்புகள் கண்டன. அவர் ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது. ஃபோமைத் தண்ணீரில் அலசலாம் என்றாலும், முறுக்கிப் பிழிந்தால் ஒட்டிய இடங்கள் பிரியும். பிழியாமல் விட்டால் உலர்வதற்கு நாட்கள் ஆகும். அடுத்த நாளே மீண்டும் அணியவேண்டிய உடைக்கு அந்த நாட்கள் கிடைப்பதில்லை.

பாலியஸ்டர் இழை தனக்குள் ஏற்கும் ஈரம் மிகக் குறைவு. சாதாரணக் காற்று ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தை வைத்திருக்கும்போது, பாலியஸ்டர் அரை விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை. ஆகவே வியர்வை இழைகளுக்கு இடையே தங்குகிறதே தவிர, இழைக்குள் ஊறுவதில்லை. காற்றுப் பட்டால் போய்விடுகிறது. நாடகம் முடிந்ததும் மணிகளை எடுத்துவிட்டு, உள்ளுடையை வலைப்பைக்குள் இட்டு, குளிர்ந்த தண்ணீரில் மென்மையான சுழற்சியில் துவைத்து, அகலமான தோள்தாங்கியில் மாட்டி மின்விசிறியை ஓடவிட்டால், மறுநாள் நண்பகலுக்குள் முழுதும் உலர்ந்திருந்தது. சூடான தண்ணீரும் சூடான உலர்த்தியும் ஆகாது. பஞ்சு திரண்டு கட்டியாகிவிடும். திணிப்புக்கும் தோலுக்கும் இடையே மெல்லிய பருத்தி பனியன் ஒன்றை அணிவித்து, இடைவேளையில் அதை மட்டும் மாற்றுவதையும் வழக்கமாக்கிக்கொண்டேன். இதனால் துவைக்கவேண்டிய தடவைகளே பாதியாகக் குறைந்தன.

எடுத்துவைக்கும்போதும் வேறுபாடு தெரிகிறது. ஒளியும் காற்றும் படப்பட ஃபோம் மஞ்சளித்து, கடைசியில் விரல் பட்டாலே பொடியாக உதிரும்; அதைத் தடுக்க முடியாது, தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். பஞ்சு அமுங்கிப்போனால் தையலைப் பிரித்து ஓர் அடுக்கைச் சேர்த்து மூடிவிடலாம். நான் தைத்த வயிறு இப்போது மூன்றாவது நாடகத்தில், வேறொரு நடிகருக்காக, விலாப்பக்கம் மட்டும் மாற்றப்பட்டு உழைத்துக்கொண்டிருக்கிறது.

சிலிக்கோனைப் பற்றியும் கேட்பார்கள். அதை ஒரே ஒருமுறை, கன்னத்துக்கும் தாடைக்குக் கீழும் ஒட்டும் சிறிய துண்டுகளாகத்தான் பயன்படுத்தியிருக்கிறேன். அருகிலிருந்து பார்த்தாலும் தோல் என்றே நம்பவைத்தது. முழு வயிற்றுக்கு அதைப் பரிந்துரைக்க என் அனுபவம் போதாது. ஆனால் அது தண்ணீரைவிடச் சற்றுக் கனமானது என்பதால், அதே 8 லிட்டர் வயிறு 8 கிலோவைத் தாண்டும் என்பதையும், வியர்வை வெளியேற வழியே விடாது என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். சட்டை திறந்து வெற்று வயிறு தெரியவேண்டிய படப்பிடிப்புக்கு வேறு வழியில்லாமல் இருக்கலாம்.

ஒரே நாளில் முடியும் படப்பிடிப்பு என்றாலோ, பாத்திரம் கேலிச்சித்திரம்போல உருண்டையாக இருக்கவேண்டும் என்றாலோ, நான் இன்றும் ஃபோமைத்தான் எடுப்பேன். தொடர்ந்து மேடையேறும் நாடகத்துக்குத் துணிந்து அதை எடுப்பவர்கள், ஒரே அச்சில் இரண்டு செய்து, நாள்விட்டு நாள் மாற்றி அணிவிக்கட்டும்.