விபத்துக்கு அப்புறம் ஆஸ்பத்திரிக்குத் தேடி வரும் 'உதவி'யை நம்பாதீர்கள்

லாரியோ டிப்பரோ மோதி வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, கூப்பிடாமலே இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஒருவர் வண்டி உரிமையாளரின் ஆள். இன்னொருவர் "கேஸ் போட்டு நஷ்டஈடு வாங்கித் தர்றேன்" என்று வரும் புரோக்கர். என் தம்பி விஷயத்தில் இரண்டு பேருமே வந்தார்கள். இரண்டாமவரைக் கூட்டி வந்ததே முதலாமவர்தான் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. யார் பெயரையும் போடப் போவதில்லை. எந்தெந்த இடத்தில் கை வைத்தார்கள் என்று சொல்கிறேன், அடுத்தவர்களாவது உஷாராக இருக்கட்டும்.

தம்பிக்கு 34 வயது, டைல்ஸ் ஒட்டும் வேலை. பைக்கில் போய்க்கொண்டிருந்தவனை, எம்-சாண்ட் ஏற்றி வந்த டிப்பர் இடது பக்கம் திரும்பும்போது அடித்துவிட்டது. இடது முட்டி நொறுங்கிப் பிளேட் வைத்தார்கள். அன்று சாயங்காலமே உரிமையாளரின் மேனேஜர் வந்துவிட்டார். தம்பி மனைவி மட்டும்தான் அங்கே இருந்தாள். "போலீஸ் கீலீஸ்னு அலையாதம்மா. பில் மொத்தமும் முதலாளி பாத்துக்குவாரு" என்று சொல்லி, கவுண்டரில் அட்வான்ஸும் கட்டினார். ஆபரேஷனுக்குப் பணம் எங்கே என்று தவித்துக்கொண்டிருந்தவளுக்கு அவர் தெய்வமாகத்தான் தெரிந்திருப்பார்.

சில நாள் கழித்து முத்திரைத்தாள் வந்தது, கூடவே ஐம்பதாயிரம் ரூபாய். தாளை நான் வாங்கிப் படித்தேன். "நான் ஓட்டி வந்த இருசக்கர வாகனம் மண்ணில் சறுக்கி நானாகவே கீழே விழுந்துவிட்டேன். மேற்படி லாரிக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மனிதாபிமான அடிப்படையில் லாரி உரிமையாளர் செய்த உதவியைப் பெற்றுக்கொண்டேன். இனி எந்த நீதிமன்றத்திலும் எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டேன்." இதில் கையெழுத்துப் போட்டிருந்தால் டிப்பரே கதையிலிருந்து காணாமல் போயிருக்கும்.

இங்கே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். சாலையில் ஓடும் எந்த வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் (மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 146). அது ஒழுங்காக இருந்தால் நஷ்டஈட்டை இன்சூரன்ஸ் கம்பெனிதான் கட்டும், உரிமையாளர் கையிலிருந்து ஒரு பைசா போகாது. அப்புறம் எதற்கு இந்த ஐம்பதாயிரம்? வண்டி விவரங்கள் பார்க்கும் மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்ததும் விடை கிடைத்தது. டிப்பரின் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காலாவதியாகி இருந்தது. எஃப்.சி., பெர்மிட், டிரைவரின் லைசென்ஸ் இவற்றில் ஓட்டை இருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அடிபட்டவர் அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. இப்படிப்பட்ட பல வழக்குகளில், 'முதலில் அடிபட்டவருக்குப் பணத்தைக் கட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்' என்றுதான் கோர்ட்டுகள் கம்பெனிக்கு உத்தரவு போட்டிருக்கின்றன. லைசென்ஸ் கோளாறு பற்றிய ஸ்வரண் சிங் வழக்கில் 2004ல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. ஆக, வசூல் தன் தலையில் வந்து விழும் என்ற பயத்தில்தான் உரிமையாளர் ஐம்பதாயிரத்தோடு முந்திக்கொண்டு வருகிறார்.

முத்திரைத்தாளை விட மோசமான ஒரு காகிதம் ஆஸ்பத்திரியிலேயே தயாராகி இருந்தது. அதுதான் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேடு. அடிபட்டவரை உள்ளே கொண்டுவரும்போது எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டு எழுதுவது. தம்பியைத் தூக்கி வந்தவர்களில் டிப்பரின் கிளீனரும் ஒருவன். அவன் சொன்னபடியே "பைக்கிலிருந்து தவறி விழுந்து" என்று ஏறிவிட்டது. பிறகு இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் முதலில் தூக்கிக் காட்டியது அந்த ஒரு வரியைத்தான். அடிபட்டவருக்கு நினைவு வந்ததும் ஏ.ஆர். காப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாங்கிப் பாருங்கள். தப்பாக இருந்தால், வண்டி எண்ணோடு சரியான விவரத்தை டாக்டரிடமும் ஸ்டேஷனிலும் எழுத்தில் கொடுங்கள்.

நாங்கள் எஃப்.ஐ.ஆர். போட்டது தாமதமாகத்தான். "இனிமே போட்டா செல்லாது" என்றார் மேனேஜர். சுத்தப் பொய். காரணம் சரியாக இருந்தால், எஃப்.ஐ.ஆர். தாமதம் என்பதற்காக மட்டும் நஷ்டஈட்டு மனுவைத் தள்ளக் கூடாது என்று 2011லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. உண்மையில் கவனமாக இருக்க வேண்டியது இன்னொரு கெடுவில். 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் (விபத்து நஷ்டஈட்டு வழக்குகளை விசாரிக்கும் கோர்ட்) மனு போட வேண்டும் என்று பிரிவு 166ல் சேர்த்துவிட்டார்கள். இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன, ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். "பில் கட்டுறோம், பேசிக்கலாம்" என்று மேனேஜர் இழுத்ததெல்லாம் இந்த 6 மாதத்தைக் கரைக்கத்தான் என்பது என் கணிப்பு.

பில் பயம்தான் அவர்களுடைய பிடி. அதனால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆஸ்பத்திரிகளில் 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை உண்டு. இதற்கும் விபத்து போலீஸ் பதிவில் ஏற வேண்டும். போலீசுக்குப் போகாதே என்று சொல்பவர் இந்த வழியையும் சேர்த்துத்தான் அடைக்கிறார்.

சரி, முத்திரைத்தாள் பலிக்கவில்லை. மேனேஜர் உடனே குரலை மாற்றி, "கேஸ் போடணும்னா தாராளமா போடுங்க, நமக்குத் தெரிஞ்ச ஆளே இருக்காரு" என்று தம்பி மனைவியிடம் ஒரு நம்பரைக் கொடுத்தார். அந்த ஆள்தான் புரோக்கர். கழுத்தில் வெள்ளைப் பட்டை இல்லை, கையில் ஒரு ரெக்ஸின் பை. "முன்பணம் ஒண்ணும் வேணாம், வந்தா நூத்துக்கு முப்பது" என்றார். நான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து வக்காலத்தில் கையெழுத்து, எழுதாத வெள்ளைத் தாள்களில் கையெழுத்து, கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக், ஒரிஜினல் டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, பில்கள் எல்லாவற்றையும் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒரு ரசீது கூடக் கிடையாது.

வழக்கறிஞர் ஒருவர் நஷ்டஈட்டில் பங்கு பேசுவதையும், ஆள் விட்டுக் கேஸ் பிடிப்பதையும் பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. 'நூத்துக்கு முப்பது' என்ற பேச்சு வந்தாலே எழுந்து வந்துவிடலாம். பல ஊர் ஆஸ்பத்திரி வாசல்களில் இது தொழிலாகவே நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எம்.சி.ஓ.பி. நம்பர், அதாவது நஷ்டஈட்டு மனுவின் வழக்கு எண், கேட்டால் "ஆயிடும்க்கா, ஆயிடும்" என்பார். கடைசியில் ஒருநாள் போன்: "சனிக்கிழமை லோக் அதாலத். தம்பி வந்து ஒரு கையெழுத்துப் போட்டா போதும்." நான் கூடவே போனேன். சமரச மனுவை நீட்டினார்கள். மூன்று லட்சம் கேட்டு மனுப் போட்டு, அதிலும் குறைத்து இரண்டு லட்சத்துக்கு முடிக்கிறார்களாம். முப்பது சதவீதம் கழித்தால் கைக்கு ஒன்று நாற்பது.

சமரசமாக வழக்கை முடிக்கும் லோக் அதாலத்தை நான் குறை சொல்லவில்லை, நியாயமான தொகைக்குச் சீக்கிரம் முடிகிற வழி அது. ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டால் அதுவே இறுதி, மேல்முறையீடு கிடையாது. தீர்ப்பாயத்தின் தீர்ப்பென்றால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். தம்பியைக் கையெழுத்துப் போடாமல் கூட்டி வந்துவிட்டேன். புரோக்கருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே!

இரண்டு லட்சம் எவ்வளவு மோசடி என்பது கணக்குப் போட்டால்தான் புரியும். மாத வருமானம் 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 வயதுக்குக் கீழே உள்ள சுயதொழில் செய்பவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் (பிரணய் சேத்தி வழக்கு, 2017). ஆக 21,000. வருடத்துக்கு 2,52,000. இதை வயதுக்கேற்ற ஒரு பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும்; 31 முதல் 35 வயது வரை அது 16 (சர்லா வர்மா வழக்கு, 2009). மொத்தம் 40,32,000. இதில் சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போனதோ அந்தப் பங்கு. பாதி போனது என்றாலே 20 லட்சத்துக்கு மேல். மருத்துவச் செலவு, வலி வேதனை எல்லாம் இதற்கு மேல் தனி.

இந்தச் 'சம்பாதிக்கும் திறன்' என்ற இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மருத்துவக் குழு 30 சதவீத ஊனம் என்று சான்று தருகிறது என்றால், இழப்பும் 30 சதவீதம்தான் என்று அர்த்தமில்லை. அவர் செய்த தொழிலை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. டைல்ஸ் ஒட்டுபவர் நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். தம்பியின் முட்டி பாதிக்கு மேல் மடங்காது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு இதே முட்டி பெரிய இழப்பாக இருக்காது, இவனுக்கோ தொழிலே போச்சு. புரோக்கர் போட்ட மனுவில் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று மட்டும் இருந்தது. கேட்ட தொகையை விட அதிகமாகவும் தீர்ப்பாயம் தரலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் என்ன வேலை, என்ன போச்சு என்பது மனுவில் இருந்தால்தானே தரும்?

வக்கீலை மாற்றுவதற்கும் கொஞ்சம் போராட்டம். பழைய வக்கீலிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்க வேண்டும், தராவிட்டால் கோர்ட் அனுமதியோடு மாற்றலாம். "ஃபீஸ் பாக்கி, கட்டைத் தர முடியாது" என்றார்கள். கட்டண பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கேஸ் கட்டைப் பிடித்து வைக்க வழக்கறிஞருக்கு உரிமையில்லை என்று 2000லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பார் கவுன்சிலில் புகார் கொடுப்போம் என்று பதிவுத் தபால் போன பிறகு பாதிக் காகிதங்கள் திரும்பி வந்தன. அந்தச் செக்குக்கு வங்கியில் ஸ்டாப் பேமென்ட் கொடுத்தோம்.

இப்போது நடத்துகிற வக்கீல் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் கிடைத்தவர். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் எல்லோருக்கும் அங்கே இலவசம். 15100க்குப் போன் செய்தும் கேட்கலாம். விபத்து நடந்த ஊரில்தான் மனுப் போட வேண்டும் என்பதும் இல்லை, நீங்கள் குடியிருக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

சரக்கு வண்டி வழக்குகளில் இன்னொன்று: வண்டியில் என்ன சுமை, யாருக்காக ஓடியது என்பதற்கான ஆதாரம் சீக்கிரம் மறைந்துவிடும். டிப்பர் என்றால் நடைச்சீட்டு, எடைச்சீட்டு, லாரி என்றால் ஈ-வே பில், டிரிப் ஷீட். பக்கத்துக் கடைகளின் சிசிடிவி பதிவு சில நாளில் அழிந்துவிடும், முதல் வாரத்திலேயே கேளுங்கள். விசாரணை அதிகாரியிடம் இவற்றைக் கைப்பற்றச் சொல்லி மனுக் கொடுத்து, நகலில் ஒப்புதல் முத்திரை வாங்குங்கள். எம்.வி.ஐ. (மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட்டும் கேட்டு வாங்குங்கள். போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது 2022 விதி. அனுப்பினார்களா என்று நீங்கள் போய்க் கேட்டால்தான் தெரியும்.

லோடு வேனில் ஆளேற்றிக்கொண்டு விசேஷத்துக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போனவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று 2003லேயே தீர்ப்பு உண்டு. சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ கூடப் போனால் அது வேறு. மற்றவர்கள் உரிமையாளரைத்தான் துரத்த வேண்டும்.

தம்பியின் வழக்கு விசாரணையில் இருக்கிறது. ஒரிஜினல் எக்ஸ்ரேக்கள் திரும்பி வரவே இல்லை. ஆஸ்பத்திரியின் ரெக்கார்ட் பிரிவில் எழுதிக் கொடுத்து நகல் வாங்கித் தாக்கல் செய்தோம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதி. கவுண்டரில் இழுத்தடித்தால் அந்த விதியைக் குறிப்பிட்டே மனு எழுதுங்கள்.